ஆறரை மணிக்குள் தீர வேண்டிய கோபம்

ஐன்ட்ஹோவனில் ஜூன் மாதத்தில் சூரியன் இரவு பத்து மணிக்குத்தான் மறைகிறது. நெதர்லாந்துக்கு வந்த முதல் கோடையில் இது எனக்குப் பெரிய பேஜாராக இருந்தது. எட்டு மணிக்குக் குழந்தையைப் படுக்க வைத்தால், சன்னலைக் காட்டி "இன்னும் பகல்தானே அம்மா" என்பாள். கடைசியில் கறுப்புத் திரை வாங்கி மாட்டினோம். என் குழப்பம் அதோடு தீரவில்லை. நான் பிறந்து வளர்ந்த வீடு கிழக்குத் தாம்பரத்தைத் தாண்டிச் சேலையூரில் இருக்கிறது. அந்த வீட்டில் கோபத்துக்கு ஒரு கெடு உண்டு. பொழுது சாயுமுன் கோபம் தீர்ந்துவிட வேண்டும் என்று வேதத்தில் இருப்பதை அம்மா எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டார். மாலை ஆறு மணிக்குத் தொடங்கும் குடும்ப ஜெபம் ஆறரைக்கு முடியும். அதற்குள் அடித்தவர் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும், அடிபட்டவர் மன்னித்திருக்க வேண்டும். முப்பது வயது வரை இப்படியே வாழ்ந்துவிட்டு, பத்து மணி வரை வெயில் காயும் ஊருக்கு வந்து சேர்ந்தவளுக்கு, இங்கே எவ்வளவு நேரம் கோபமாக இருக்கலாம் என்று யாரும் சொல்லித் தரவில்லை.

இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று வாரம் யோசித்தேன். சேலையூர்ச் சபையில் இதைப் படிப்பவர்கள் இருப்பார்கள். "நல்ல பிள்ளையாத்தான் இருந்தா, வெளிநாடு போய்க் கெட்டுட்டா" என்று பேசுவார்கள். இங்குள்ள தமிழ்ச் சபையிலும் இரண்டு பேர் என்னை ஓரமாக அழைத்து ஜெபிக்கக்கூடும். நான் விசுவாசத்தை விட்டுவிடவில்லை. ஞாயிறு தவறாமல் போகிறேன், பாடுகிறேன், முழங்கால் போடுகிறேன். முழங்காலில் இருக்கும்போது எனக்குள் ஒன்றுமே நடப்பதில்லை. பல வருடங்களாகவே அப்படித்தான். அது ஏன் என்று ஒரு பள்ளிக்கூட அறையில் பத்து நிமிடத்தில் எனக்குத் தெரியத் தொடங்கியது.

இங்கே பள்ளிகளில் ஆசிரியரும் பெற்றோரும் பேசுவதற்குப் பத்து நிமிடம் ஒதுக்குவார்கள். அதன் பெயரே 'பத்து நிமிடப் பேச்சு'தான். போன வருடம் ஏப்ரலில் என் மகள் கெசியாவுக்கு ஐந்து வயது. அவளுடைய வகுப்பாசிரியைக்கு என் வயதுதான் இருக்கும். குழந்தைகள் 'யுஃப்' என்று கூப்பிடுவார்கள். நம் ஊர் 'மிஸ்' மாதிரி. குழந்தைகள் உட்காரும் குட்டி நாற்காலியில் என்னை உட்கார வைத்தார். முட்டி என் நெஞ்சில் இடித்தது. கெசியா நன்றாக வரைகிறாள், எண்ணுகிறாள் என்றெல்லாம் சொல்லிவிட்டு, "கெசியா போஸ் ஆவதே இல்லை" என்றார். போஸ் என்றால் கோபம். எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. "டாங்க் யு வெல், வீட்டில் அப்படித்தான் வளர்க்கிறோம்" என்று கஷ்டப்பட்டுச் சேர்த்த டச்சில் நன்றி சொன்னேன். அவர் ஆங்கிலத்துக்கு மாறினார். "நான் இதைப் பாராட்டாகச் சொல்லவில்லை. நேற்று ஒரு பையன் அவளைத் தள்ளிவிட்டான். உதட்டில் ரத்தம். நான் ஓடிப் போவதற்குள் இவள் அவனிடம் போய், 'பரவாயில்லை, நான் மன்னித்துவிட்டேன்' என்று சொல்லிச் சிரிக்கிறாள். அவன் மன்னிப்பே கேட்கவில்லை. அப்போது அவள் கை நடுங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை."

மழையில் சைக்கிள் மிதித்து வீடு திரும்பிய அந்த இருபது நிமிடமும் அந்தப் பெண்ணின் மேல் எனக்கு வந்த கோபத்தை எழுதினால் அச்சிட மாட்டார்கள். கோயில் பக்கமே போகாத இவள் யார், என் பிள்ளையை வளர்க்க எனக்குச் சொல்லித் தர? இவர்கள் பிள்ளைகள் அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை நான் பார்த்ததில்லையா? பயமும் இருந்தது. பள்ளியில் எங்காவது எழுதி வைத்துவிடுவார்களோ, வீட்டுக்குக் கடிதம் வருமோ என்று அந்த வாரம் முழுவதும் தபால்பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தேன். என் கணவரிடம் சொன்னபோது, "அந்த யுஃப் சொல்றதுல என்ன தப்பு? கை நடுங்கிச்சுன்னா வலிச்சிருக்கு" என்றார். அவர் மேலும் கோபம் வந்தது. மாலை கெசியாவைக் கூப்பிட்டு, உதட்டுக்கு மருந்து தடவிக்கொண்டே, "அவன் தள்ளினப்ப உனக்கு எப்படி இருந்துச்சு?" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். சரியான பதில் எது என்று என் முகத்தில் தேடினாள். பிறகு, "ஸ்தோத்திரம் சொன்னேன்மா" என்றாள்.

அந்தத் தேடலை எனக்குத் தெரியும். சேலையூர் வீட்டு ஹாலில் பாயை விரித்துச் சுற்றி உட்கார்ந்து, அம்மாவின் முகத்தில் நான் தேடியது அதைத்தான். அம்மா அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் தலைமை ஆசிரியை. சபையில் ஞாயிறு பள்ளிக் கண்காணிப்பாளர். ஜெபத்தின் கடைசியில், "யாருக்கு யார் மேல என்ன இருக்கு?" என்று கேட்பார். அண்ணன் என் பென்சில் பெட்டியை உடைத்திருப்பான். "ஸாரி" என்று ராகமாகச் சொல்வான். உடனே அத்தனை கண்ணும் என் மேல் திரும்பும். நான் "மன்னிச்சிட்டேன்" என்று சொல்லி, சிரித்து, அவனைக் கட்டிப்பிடிக்க வேண்டும். சிரிப்பு சரியாக இல்லாவிட்டால், "மனசார சொல்லு" என்பார் அம்மா. ஐந்து நொடியில் மனசார! தவறு செய்தவனுக்கு ஒரு சொல்தான் வேலை. அடிபட்டவளுக்கோ சொல், சிரிப்பு, கட்டிப்பிடித்தல் என்று மூன்று. அதுவும் முடிந்த பிறகு அம்மா ஆமென் சொல்வார், சொன்ன பின்தான் ஹாலில் விளக்கைப் போடுவார். பகல் வெளிச்சம் இருக்கும்போதே எல்லாம் தீர்ந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம்.

எனக்குப் பதினாறு வயதில் அப்பா போனார். ரயில்வேயில் வேலை. மூன்று மாதம் நுரையீரலில் நோயோடு கிடந்தார். சபை மொத்தமும் வந்து ஜெபித்தது. "சுகமாயிற்று என்று அறிக்கை செய்" என்று என்னிடம் சொன்னார்கள். நானும் தினமும் அப்பாவின் கட்டிலருகே நின்று அறிக்கை செய்தேன். அவர் இருமிக்கொண்டே "ஆமாம்மா" என்பார். அடக்கத்தன்று, விசுவாசிகள் அழக் கூடாது என்று என் கண்ணைத் துடைத்துவிட்டுப் பாடகர் குழுவில் நிற்க வைத்தார்கள். பாடினேன். நன்றாகப் பாடியதாகப் பாராட்டினார்கள். எங்கள் ஞாயிறு பள்ளியில் பெரிய பிள்ளைகள் எல்லோரும் தியான நோட்டு ஒன்று வைத்திருப்போம். காலையில் வேதம் வாசித்து, மனதில் பட்டதை எழுத வேண்டும். அடக்கம் முடிந்த மூன்றாம் வாரம் அதில் எழுதினேன்: 'ஆண்டவரே, எனக்கு உம் மேல் கோபம். நான் கேட்டது உமக்குக் காதில் விழுந்ததா, இல்லையா?' என் வாழ்க்கையில் நான் உண்மையாகச் செய்த முதல் ஜெபம் அது என்று இப்போது நினைக்கிறேன். ஒருவேளை கடைசி ஜெபமும் அதுவாக இருக்கலாம்.

அம்மா அதைப் படித்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நோட்டைக் கொண்டுபோய்ப் போதகரின் மனைவியிடம் கொடுத்தார். வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்தில், பெண்கள் நிறைந்த அறையில், போதகரம்மா அதை ஜெபக் குறிப்பாகச் சத்தமாக வாசித்தார். என்னை நடுவில் உட்கார வைத்துத் தலையில் கை வைத்தார்கள். ஒரு கைக்கு மேல் இன்னொரு கை, கழுத்து வலித்தது. கசப்பின் வேர் பிடுங்கப்படட்டும் என்று கத்தினார்கள். முடிந்ததும் போதகரம்மா என் தாடையைப் பிடித்து, "இப்ப லேசா இருக்கா? எங்க, சிரி பார்க்கலாம்" என்றார். சிரித்தேன். மறுநாள் மாலை ஜெபத்தில் அம்மா, "நான் உன்கிட்ட கேட்காம நோட்டை எடுத்தது தப்புதான், மன்னிச்சிரு" என்றார். மணி ஆறு இருபத்தைந்து. "மன்னிச்சிட்டேன்" என்றேன். விளக்கு எரிந்தது. அன்றிலிருந்து அந்த நோட்டில் தினமும் எழுதினேன். எல்லாம், இப்போது அதைத் திருத்தத் தொடங்கிவிட்ட அம்மாவின் சிவப்பு டிக் வாங்கும்படி எழுதியவை. ஒன்றுகூட உண்மை இல்லை.

பிள்ளைகளைப் பக்தியில் வளர்க்கிறோம் என்று சொல்லிக்கொள்ளும் நம்மை நான் கேட்கிறேன். என்னையும் சேர்த்துத்தான். நாம் எதை வளர்த்தோம்? மனப்பாட வசனத்தில் முதல் பரிசு வாங்கிய எனக்கு, துக்கம் என்றால் நெஞ்சில் எந்த இடத்தில் இருக்கும் என்று தெரியாது. வேதத்தில் எத்தனை பேர் கடவுளை நேருக்கு நேர் கேள்வி கேட்கிறார்கள், அழுகிறார்கள், சண்டை போடுகிறார்கள்! அதையெல்லாம் வாசித்துவிட்டு, குழந்தை காலை உதைத்தால் 'முறுமுறுப்பின் ஆவி' என்கிறோம். பயந்து அடங்கிய பிள்ளையைப் பார்த்து சாந்தகுணம் என்கிறோம். மூடியைப் போட்டு அமுக்கிய பானையைத் திறந்து பார்க்காமலே சோறு பக்குவமாக வெந்துவிட்டது என்கிறோம். திருமணமான பெண்கள் முகம் வீங்கி ஞாயிறு ஆராதனைக்கு வந்து 'மன்னித்துவிட்டேன்' என்று சாட்சி சொல்வதற்கு நாம் கை தட்டியிருக்கிறோம். அவளை அடித்தவன் என்ன செய்தான் என்று ஒருவரும் கேட்டதில்லை. இதை எழுதும்போதுகூட, இவ்வளவு கடுமை வேண்டாமோ என்று தோன்றுகிறது. இருக்கட்டும். எழுதியதை அடித்து நீக்கப்போவதில்லை.

அந்த ஏப்ரலுக்குப் பிறகு நான் கெசியாவை விடக் கூர்ந்து அவள் பள்ளியைக் கவனித்தேன். குற்றம் கண்டுபிடிக்கத்தான். விளையாட்டு மைதானத்தில் குழந்தைகளை வரிசையாக நிறுத்தி ஒன்றைப் பழக்குகிறார்கள். உள்ளங்கையை முன்னால் நீட்டி, எதிரே இருப்பவரின் கண்ணைப் பார்த்து, "ஸ்டொப், ஹௌ ஒப்" என்று சொல்ல வேண்டும். நில், நிறுத்து என்று பொருள். நம் ஊரில் அ, ஆ கற்பது போல இங்கே இது. நாலு வயதுப் பிள்ளைகள் தொண்டை கிழியச் சொல்கின்றன. கெசியா முதலில் கையை நீட்டிவிட்டு "ஸாரி" என்றாள். யுஃப் சிரிக்காமல், "இன்னொரு முறை" என்றார். ஜூன் மாதம் ஒரு காலை, அவசரத்தில் நான் அவள் காலைப் பிடித்து ஷூவுக்குள் திணித்தபோது, என் மகள் முதல் முறையாக என் முகத்துக்கு நேரே கையை நீட்டி அதைச் சொன்னாள். என் கை ஓங்கிவிட்டது. ஓங்கிய கை அப்படியே நிற்க, நான் அவளைப் பார்த்தேன். அவள் பயந்துதான் இருந்தாள், ஆனால் சிரிக்கவில்லை. கையை இறக்கினேன். "எந்த விரல் வலிக்குது?" என்று கேட்டேன். பள்ளிக்கு அன்று தாமதம்.

கோடை விடுமுறைக்கு நானும் அவளும் சேலையூர் போனோம். ஆடி மாதம். பக்கத்துத் தெரு அம்மன் கோயில் ஒலிபெருக்கி விடியலிலேயே எழுப்பிவிடும்; அதன் மேல் பயிற்சி விமானங்கள் உறுமிக்கொண்டு போகும். வீட்டில் அம்மா, அண்ணன், அண்ணி, அவர்களுடைய ஒன்பது வயது மகள் ஷைனி. வந்த இரண்டாம் நாள் கோவளம் பக்கத்திலிருந்து வரும் மீன்காரம்மா வாசலில் கூடையை இறக்கினார். அண்ணி ஒரு வஞ்சிரத்தைத் திருப்பிப் பார்த்து, "நேத்து மீன் மாதிரி இருக்கே" என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான்.

"இன்னாது, நேத்து மீனா? யம்மா, இது இப்பத்தான் கண்ண மூடிச்சு! செவுளத் தொறந்து பாரு, எப்டி செக்கச்செவேல்னு கீது! போன வாரம் துன்னுட்டு 'சூப்பரு'ன்னு சொன்ன வாயி இது? இனிமே உன் வூட்டு வாசப்படி மிதிச்சா நான் மீனவச்சி இல்ல, போ!"

கெசியா கேட்டுக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தேர்த் திருவிழா பார்ப்பது போலப் பார்த்தாள். மறுநாள் அதே நேரம், அதே கூடை. அண்ணியும் ஒன்றும் நடக்காதது போலத் தட்டோடு போனார். கெசியா விடவில்லை. "ஆன்ட்டி, நேத்து கோபமா இருந்தீங்களே? கோபம் போயிடுச்சா?" என்றாள். அவர் மீனைச் சீவிக்கொண்டே, "எங்க போவுது? கூடையிலதான் கீது கண்ணு. அதுக்குன்னு யாவாரத்துக்கு வராம இருக்க முடியுமா?" என்றார். கெசியா குனிந்து கூடைக்குள் எட்டிப் பார்த்தாள். அண்ணி சிரித்த சிரிப்பில் தட்டே சாய்ந்தது.

அந்தச் சனிக்கிழமைதான் முயல் விஷயம். நெதர்லாந்தில் குழந்தைகள் எல்லோரிடமும் ஒரு துணிப் பொம்மை இருக்கும். கைக்குழந்தையிலிருந்து அதைக் கட்டிக்கொண்டே தூங்கும். 'க்னுஃபல்' என்பார்கள். கெசியாவினுடையது காது தொங்கிய சாம்பல் முயல். பள்ளிக்குப் போன முதல் வாரம் அழாமல் இருந்தது அந்த முயலால்தான். ஷைனிக்கு அதைக் கண்டாலே எரிச்சல். பாட்டி இவளையே கொஞ்சுகிறார் என்று ஒரு பொறாமை, நியாயமானதுதான். மதியம் மோட்டார் போடுமுன் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க அண்ணன் போர்ட்டிகோவில் இருக்கும் தரைத்தொட்டி மூடியைத் திறந்து வைத்துவிட்டுத் திரும்புவதற்குள், ஷைனி முயலைப் பிடுங்கி உள்ளே போட்டுவிட்டாள். கெசியா விளிம்பில் மண்டியிட்டுக் கையை விட்டுக்கொண்டிருந்தபோதுதான் நான் பார்த்தேன். ஓடிப்போய் இடுப்பைப் பிடித்து இழுத்தேன். கொக்கியை விட்டு முயலை எடுப்பதற்குள் அரைமணி நேரமாயிற்று. மொட்டைமாடிக் கொடியில் ஒரு காதால் தொங்கவிட்டோம். கெசியா அடியில் உட்கார்ந்து அது சொட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் ஆகஸ்ட் மாதத்தின் முதல் ஞாயிறு, திருவிருந்து ஆராதனை. அதற்கு முந்தைய மாலை ஜெபத்தில் எந்தக் கணக்கும் பாக்கி இருக்கக் கூடாது. மனத்தாங்கலோடு அப்பத்தைத் தொடக் கூடாது என்பது அம்மாவின் கட்டளை. ஆறு மணிக்குப் பாய் விரித்தோம். பாட்டு, வாசிப்பு, ஜெபம். பிறகு அம்மா கேட்டார், "யாருக்கு யார் மேல என்ன இருக்கு?" ஷைனி, அண்ணன் சொன்ன அதே ராகத்தில், "ஸாரி கெசியா" என்றாள். எல்லாக் கண்ணும் திரும்பின.

"இன்னும் இல்ல" என்றாள் கெசியா.

"என்னம்மா இன்னும் இல்ல?"

"நான் இன்னும் போஸா இருக்கேன். கோபமா. முயல் இன்னும் காயல."

அண்ணன் குனிந்து சிரிப்பை அடக்கினான். அம்மா சிரிக்கவில்லை. "ஷைனி ஸாரி சொல்லிட்டா இல்ல? இயேசப்பா உன்னை மன்னிக்கலையா? மன்னிச்சிட்டேன்னு சொல்லி அக்காவைக் கட்டிப்பிடி. பாட்டி ஜெபத்தை முடிக்கணும்." கெசியா உதட்டைக் கடித்தாள். ஹாலில் வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. அம்மா ஆமென் சொல்லவில்லை. யாரும் எழவில்லை. ஒலிபெருக்கியில் கூழ் ஊற்றும் நேரத்தை அறிவித்தார்கள். கொசு கடித்தது. அடித்தால் மரியாதையில்லை என்று எல்லோரும் சும்மா இருந்தோம். பத்து நிமிடம் இருக்கும். ஷைனியே, "பாட்டி, பரவாயில்ல பாட்டி" என்றாள் அழும் குரலில். அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? ஏப்ரலிலிருந்து இவ்வளவு யோசித்த நான், குனிந்து என் மகளின் காதில், "சும்மா சொல்லிடு செல்லம்" என்றேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "சும்மான்னா? பொய்யாவாம்மா?"

எனக்குள் பதினேழு வருடமாக மூடியிருந்த ஒன்று அப்போதுதான் திறந்தது. "வேண்டாம், சொல்லாத" என்றேன். பிறகு அம்மாவின் பக்கம் திரும்பினேன். இருட்டில் முகம் தெரியவில்லை, அதனால்தான் முடிந்தது. "அம்மா, யாருக்கு யார் மேல என்ன இருக்குன்னு கேட்ட இல்ல? எனக்கு உன் மேல இருக்கு. அந்த நோட்டு. அன்னைக்கு மன்னிச்சிட்டேன்னு சொன்னது பொய். ஆறரை ஆகப் போகுதேன்னு சொன்னேன். நான் மன்னிக்கல. இன்னைக்கு வரைக்கும் மன்னிக்கல." என் குரல் எனக்கே தெரியாத குரலாக இருந்தது, கத்தினேன் என்று பிறகு அண்ணன் சொன்னான். அண்ணி எழுந்து, "மாவு பொங்கியிருக்கும், எடுத்து உள்ள வைக்கணும்" என்று யாருக்கும் இல்லாமல் சொல்லிவிட்டு விளக்கைப் போட்டார். அந்த வீட்டில் ஆமென் இல்லாமல் விளக்கு எரிந்தது அன்றுதான் முதல் முறை.

ஞாயிற்றுக்கிழமை அம்மா வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு எங்களோடு ஆராதனைக்கு வந்தார். திருவிருந்துக்கு வரிசை வரிசையாக எழுந்து போனார்கள். எங்கள் வரிசையின் முறை வந்தபோது அண்ணனும் அண்ணியும் போனார்கள். அம்மா எழவில்லை. நானும் எழவில்லை. முப்பது வருடமாக முதல் ஆளாக முழங்கால் போடும் கண்காணிப்பாளர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைச் சபை முழுவதும் பார்த்தது. பின்வரிசையிலிருந்து ஒரு பெண் குனிந்து, "டீச்சர், முட்டி வலியா? இங்கயே கொண்டு வரச் சொல்லட்டா?" என்று கேட்டார். அம்மா நேராகப் பார்த்தபடி, "இல்லம்மா. வீட்ல ஒரு காரியம் இன்னும் சரியாகல" என்றார். அதைக் கேட்டு எனக்குக் கோபம்தான் வந்தது. இது எனக்குத் தரும் தண்டனையா? இத்தனை பேர் முன்னால் என்னைக் குற்றவாளியாக்குகிறாரா? அல்லது, மற்றவர்களுக்கு வைத்த சட்டத்தை முதல் முறையாகத் தனக்கும் வைத்துக்கொள்கிறாரா? இன்று வரை எனக்குத் தீர்மானமாகத் தெரியவில்லை. இரண்டும்தான் என்று சில நாள் தோன்றுகிறது.

திரும்பும்போது ஆட்டோவில் நாங்கள் மூவர் மட்டும். கேம்ப் ரோடு சந்திப்பில் வண்டி நின்றது. கெசியா முயலை மடியில் வைத்து முகர்ந்துகொண்டிருந்தாள். தொட்டி வாடை போகவில்லை. அம்மா வெளியே பார்த்துக்கொண்டே பேசினார்.

"உங்க அப்பாவும் போயிட்டாரு. நீயும் ஆண்டவரை விட்டுப் போயிட்டா நான் என்ன பண்ணுவேன்னு பயந்துட்டேன், சுகி."

"என்கிட்ட கேட்டிருக்கலாமேம்மா."

"கேட்டா நீ என்ன சொல்லியிருப்ப?"

"கோபமா இருக்குன்னு சொல்லியிருப்பேன்."

"அதைக் கேட்கத்தான் பயம்" என்றார் அம்மா. வண்டி கிளம்பியதும், "எனக்கும் இருந்துச்சு. யார்கிட்ட போய்ச் சொல்ல?" என்றார்.

நான் உருகி அவரைக் கட்டிக்கொண்டேன் என்று எழுத ஆசைதான். சாட்சிக் கூட்டத்துக்கு அழகாக இருக்கும். நான் கட்டிக்கொள்ளவில்லை. கணவனை அடக்கம் செய்துவிட்டு வந்த ஒரு பெண்ணுக்குத் தன் கோபத்தைச் சொல்ல அத்தனை பெரிய சபையில் ஓர் ஆள் இல்லை என்பதை நினைத்தபோது, என் கோபம் குறையாமல் இன்னும் பெரிதானது. இப்போது அதற்குள் அம்மாவுக்கும் இடம் இருந்தது. ஒருவேளை விசுவாசத்தில் வளர்வது என்றால் இதுதானோ என்னவோ. எனக்குத் தெரியாது. நான் போதகர் இல்லை. என் பிள்ளையைச் சரியாகத்தான் வளர்க்கிறேனா என்று தினமும் காலையில் சந்தேகப்படும் ஒரு தாய். அன்றிரவு மட்டும் முழங்காலில் நின்றபோது, 'ஆண்டவரே, எனக்கு உம் மேல் இன்னும் கோபம்' என்று சொன்னேன். சொன்ன பிறகு, யாரோ கேட்டுக்கொண்டிருப்பது போல இருந்தது. அப்பா போனதிலிருந்து அப்படித் தோன்றியதே இல்லை.

இப்போது மறுபடி ஜூன். சனிக்கிழமை தோறும் மதியம் இரண்டரைக்கு, அங்கே ஆறு மணிக்கு, கைபேசியைச் சாப்பாட்டு மேசையில் சாய்த்து வைத்துச் சேலையூர் ஜெபத்தில் சேர்ந்துகொள்கிறோம். திரையில் பாய், ஷைனி, அண்ணன், அண்ணி, அம்மா. போன அக்டோபரில் ஒரு சனிக்கிழமை கெசியா தானாகவே, "ஷைனி அக்கா, முயல் காஞ்சிடுச்சு. இப்ப மன்னிச்சிட்டேன்" என்று சொல்லிவிட்டாள். ஷைனி திரையில் முத்தம் கொடுத்தாள். அம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஊரிலிருந்து அண்ணி சொல்லித்தான் எனக்குத் தெரியும், அம்மா அந்த ஆகஸ்டுக்குப் பிறகு ஒரு முதல் ஞாயிறும் திருவிருந்துக்கு எழுந்து போகவில்லை. நானும் இங்கே போவதில்லை. இதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசிக்கொண்டதும் இல்லை.

ஜெபம் முடியும் நேரம் அம்மா இப்போதும் அதே கேள்வியைக் கேட்கிறார். கேட்டுவிட்டு யாரையும் பார்க்காமல் காத்திருக்கிறார். முன்பு போல ஐந்து நொடி அல்ல, நிறைய நேரம். நேற்றும் காத்திருந்தார். அவருக்குப் பின்னால் சன்னலில் வெளிச்சம் மங்கி, முகம் கறுத்துக்கொண்டே வந்தது. என் மேசையில் வெயில் சுள்ளென்று விழுந்து, திரையில் என் முகமே எனக்குத் தெரிந்தது. "இன்னும் இல்லம்மா" என்றேன். "சரிம்மா" என்றார். ஆமென் சொல்லி, எழுந்து, தானே போய் விளக்கைப் போட்டார். அங்கே பொழுது சாய்ந்துவிட்டது. இங்கே சூரியன் மறைய இன்னும் ஏழு மணி நேரம் இருந்தது.